வீட்டுக் கணினிக்கு டிஸ்க் இமேஜ் மென்பொருள்: மேக்ரியம் இலவசப் பதிப்பு போன பிறகு எதை நம்புவது?

#1 · மல்லிப்பந்தல்

லேப்டாப் விவரம்: 12ஆம் தலைமுறை இன்டெல், 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, விண்டோஸ் 11 ஹோம். சி டிரைவில் நிரம்பியிருப்பது 120 ஜிபி அளவு. டேலி பிரைம் (கணக்கு மென்பொருள்), குடும்பப் படங்கள், பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய வேர்டு கோப்புகள், இரண்டு பிரிண்டர்கள். வெளியே 1 டிபி யூஎஸ்பி ஹார்டு டிஸ்க் ஒன்று இருக்கிறது.

இதுவரை டிஸ்க் இமேஜ், அதாவது விண்டோஸோடு சேர்த்து வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக நகலெடுப்பது, மேக்ரியம் ரிஃப்ளெக்ட் இலவசப் பதிப்பு 8 வைத்து. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஜனவரி 1உடன் நின்றுவிட்டன. புதிய ரிஃப்ளெக்ட் எக்ஸ் வருடச் சந்தா. கேள்வி மூன்று:

1) இலவசமாகவே தொடர முடியுமா?
2) முழு வட்டையும் இமேஜ் எடுக்க வேண்டுமா, கோப்புகள் மட்டும் போதுமா?
3) எடுத்த இமேஜ் வேலை செய்யும் என்பதை விண்டோஸை அழிக்காமலே எப்படிச் சோதிப்பது?

"கூகுள் டிரைவில் போடுங்கள்" என்ற பதில் வேண்டாம், ப்ளீஸ்.

#2 · திருச்சி_சர்வீஸ்டெஸ்க்

மூன்றாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், மற்ற இரண்டுக்கும் பதில் அதில்தான் இருக்கிறது. இமேஜ் எடுப்பதை எல்லா மென்பொருளும் ஒழுங்காகவே செய்கிறது. விண்டோஸின் விஎஸ்எஸ் சேவை ஒரு கணத்தை உறைய வைத்துக் கொடுக்கும், இவை அதைப் படித்து எழுதும், அவ்வளவுதான். வித்தியாசம் திருப்பிப் போடும்போதுதான் தெரியும். விண்டோஸ் எழவே இல்லை. பென்டிரைவில் பூட் செய்கிறீர்கள். அந்தச் சின்னத் திரையில் உங்கள் எஸ்எஸ்டியும் யூஎஸ்பி டிஸ்கும் இரண்டும் தெரிகிறதா? இந்த ஒரு இடத்தில் தோற்கும் மென்பொருள் மற்ற எதில் ஜெயித்தும் பயனில்லை.

அதனால் வாங்குவதற்கு, அல்லது இறக்குவதற்கு, முன்பு பார்க்க வேண்டியவை: ரெஸ்க்யூ பென்டிரைவ் (விண்டோஸ் எழாதபோது பூட் செய்யும் அந்தப் பென்டிரைவ்) உங்கள் கணினியின் டிரைவர்களையே சேர்த்துக்கொண்டு உருவாகிறதா. இமேஜைத் தனி டிரைவ் எழுத்தாகத் திறந்து ஒரே ஒரு கோப்பை எடுக்க முடிகிறதா. எழுதி முடித்ததும் செக்சம் (டேட்டாவிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) வைத்துச் சரிபார்க்கிறதா. பழைய பிரதிகளைத் தானே கழிக்கிறதா. மற்றதெல்லாம் அலங்காரம்.

இலவசத்தில் இன்று நான் சொல்லக்கூடியவை:

வீம் ஏஜென்ட், விண்டோஸுக்கான இலவசப் பதிப்பு. அலுவலக வாடை அடிக்கும் முகப்பு. இறக்க ஒரு கணக்குத் திறக்க வேண்டும். ஒரே ஒரு பேக்கப் வேலைதான் அமைக்க முடியும். ஆனால் திருப்பிப் போடும் பகுதி உறுதியானது. யூஎஸ்பி டிஸ்கைச் செருகியதும் பேக்கப் ஆரம்பிக்கவும், முடிந்ததும் டிஸ்கைத் தானே எஜெக்ட் செய்யவும் அமைப்பு உண்டு. வீட்டுக்கு இது பெரிய வசதி.

ஹாஸ்லியோ பேக்கப் சூட், இலவசப் பதிப்பு. முழுமை, இன்கிரிமென்டல் (முந்தைய பிரதிக்குப் பின் மாறியது மட்டும்), டிஃபரென்ஷியல் (கடைசி முழுமைக்குப் பின் மாறியது எல்லாம்), குளோன் (வட்டிலிருந்து வட்டுக்கு நேரடி நகல்) எல்லாம் உண்டு. மேக்ரியம் பழகிய கைக்கு அதிகம் தடுமாறாது.

ஆமெய், ஈசியூஎஸ் இரண்டின் இலவசப் பதிப்புகளும் வேலை செய்யும். ஆனால் சில வசதிகள் பதிப்புக்குப் பதிப்பு கட்டணப் பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. நடுவில் "புரோ வாங்கு" என்று வந்து நிற்கும்.

அக்ரோனிஸ் சந்தா முறை. ஆனால் வெஸ்டர்ன் டிஜிட்டல் அல்லது குரூஷியல் வட்டு ஒன்று கணினியில் மாட்டியிருந்தால், அந்தந்த நிறுவனம் தரும் அக்ரோனிஸ் பதிப்பை இலவசமாக இறக்கலாம். உங்கள் யூஎஸ்பி டிஸ்க் எந்த கம்பெனி என்று திருப்பிப் பாருங்கள்.

விண்டோஸுக்குள்ளேயே கன்ட்ரோல் பேனலில் "பேக்கப் அண்ட் ரீஸ்டோர் (விண்டோஸ் 7)" இன்னும் இருக்கிறது. அதன் சிஸ்டம் இமேஜ் வசதியை மைக்ரோசாஃப்ட் 2017லேயே கைவிடும் பட்டியலில் சேர்த்துவிட்டது. முதன்மை ஏற்பாடாக அதை வைக்காதீர்கள். மூல வட்டைவிடச் சிறிய வட்டில் அது இறங்காது, டேட்டா எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

#3 · யாழ்_பெங்குயின்

குளோன்சில்லாவை விட்டுவிட்டீர்களே, அண்ணா. திறந்த மூலம், தைவானில் உருவாகிப் பல ஆண்டுகளாக ஓடுகிறது, நாளைக்கு சந்தாவாக மாறிவிடும் என்ற பயம் இல்லை. பென்டிரைவில் பூட் செய்துதான் இமேஜே எடுப்பீர்கள். ஆகவே ரெஸ்க்யூ பென்டிரைவ் வேலை செய்யுமா என்ற சோதனை ஒவ்வொரு தடவையும் தானாக நடந்துவிடுகிறது.

வெறும் எழுத்துத் திரை பயமாக இருந்தால் ரெஸ்க்யூசில்லா. அதே இமேஜ் வடிவம், மவுஸால் சொடுக்கலாம்.

குறைகளையும் சொல்லவேணும்:

இன்கிரிமென்டல் இல்லை. ஒவ்வொன்றும் முழு இமேஜ்.

வழக்கமான அமைப்பில் இலக்கு வன்தட்டு மூலத்துக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்கவேணும். சிறியதில் இறக்க வேணுமென்றால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் சி பகுதியை முதலில் சுருக்கிவிட்டு இமேஜ் எடுக்கவேணும்.

ஒரு கோப்பை மட்டும் எடுப்பது வில்லங்கம். ரெஸ்க்யூசில்லாவில் இமேஜ் எக்ஸ்ப்ளோரர் உண்டு, இன்னும் பீட்டா.

விண்டோஸை ஷட்டவுன் செய்யும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு செய்யுங்கள். இல்லையென்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் காரணமாக என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறைமை) பகுதி பாதி உறக்க நிலையில் இருக்கும், "பகுதி சுத்தமாக மூடப்படவில்லை" என்று சொல்லி குளோன்சில்லா படிக்க மறுக்கும். புதிதாக வருகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இந்தச் சுவரில்தான்.

#4 · நூறுஜிபி

எனக்கு அடிப்படையிலேயே சந்தேகம். வீட்டுக் கணினிக்கு இமேஜ் எதற்கு? விண்டோஸ் 11ஐ மைக்ரோசாஃப்டிடமிருந்து இறக்கி, பென்டிரைவில் போட்டு, அரை மணியில் நிறுவலாம். லைசென்ஸ் மதர்போர்டிலேயே இருக்கிறது. திரும்பி வராதது உங்கள் கோப்புகள் மட்டும்தான். அவற்றை ஃப்ரீஃபைல்சிங்க் (ஃபோல்டர்களை ஒப்பிட்டு நகலெடுக்கும் மென்பொருள்) வைத்துத் தினமும் நகலெடுங்கள், முடிந்தது. 80 ஜிபி ஒற்றைக் கோப்பில் எல்லா முட்டையையும் அடுக்கிவைத்து, அது கெட்டால் எல்லாம் போச்சு என்று உட்காருவது புத்திசாலித்தனமா?

#5 · திருச்சி_சர்வீஸ்டெஸ்க்

பாதி சரி. கோப்பு நகல் இல்லாமல் இமேஜ் மட்டும் வைத்திருப்பது தப்பு, அதில் சண்டை இல்லை.

ஆனால் அரை மணியில் முடிவது விண்டோஸ் மட்டும். அதன்பின் டேலி, அதன் லைசென்ஸ், பிரிண்டர் டிரைவர், ஸ்கேனர், டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் டிரைவர், தமிழ்த் தட்டச்சு அமைப்பு, பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், அவுட்லுக் கணக்குகள், பிரவுசர் கடவுச்சொற்கள் என்று ஒரு முழு நாள் போகும். எழுத்துரு இல்லாமல் அந்தப் பழைய வேர்டு கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். வீட்டில் யாராவது "ஃபைல் கரப்ட் ஆகிவிட்டது" என்று அழித்தும் விடுவார்கள்.

இமேஜ் காப்பது கோப்பை அல்ல, அந்த ஒரு நாளை. அந்த நாள் உங்களுக்கு விலை இல்லாதது என்றால், சரி, இமேஜ் வேண்டாம்.

ஃப்ரீஃபைல்சிங்க் பற்றி ஒன்று. "மிரர்" முறையை மட்டும் அப்படியே வைக்காதீர்கள். மூலத்தில் கோப்பு போனால் அடுத்த ஓட்டத்தில் நகலிலும் போகும். அமைப்பில் அழிக்கும் முறையை "வெர்ஷனிங்" என்று மாற்றி ஒரு தனி ஃபோல்டர் காட்டுங்கள். மாறியதும் அழிந்ததும் நேர முத்திரையோடு அங்கே போய்ச் சேரும்.

#6 · மல்லிப்பந்தல்

ஹாஸ்லியோ போட்டு ரெஸ்க்யூ பென்டிரைவும் செய்தாயிற்று. பூட் ஆகிறது. ஆனால் வட்டுப் பட்டியலில் யூஎஸ்பி டிஸ்க் மட்டும் தெரிகிறது. உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியைக் காணோம். பயாஸில் தெரிகிறது, விண்டோஸும் ஓடுகிறது. என்ன கோளாறு?

#7 · கீதா_ஃபர்ம்வேர்

எஸ்எஸ்டியில் கோளாறு இல்லை. இன்டெல் விஎம்டி. 11ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்புகளில் தொழிற்சாலையிலேயே இது இயக்கப்பட்டு வருகிறது. என்விஎம்இ வட்டு இன்டெலின் ஒரு கட்டுப்படுத்திக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஓடுகிற விண்டோஸில் அதற்கான டிரைவர் இருக்கிறது. ரெஸ்க்யூ பென்டிரைவில் இருக்கும் குட்டி விண்டோஸில் அது இல்லை.

செய்ய வேண்டியது:

பயாஸில் போய் விஎம்டியை அணைக்காதீர்கள். இணையத்தில் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். அணைத்தால் ஏற்கெனவே நிறுவிய விண்டோஸ் "இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்" என்று நீலத்திரையில் விழும், கூடவே பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) மீட்புச் சாவி கேட்கும்.

ஓடுகிற விண்டோஸிலேயே டிவைஸ் மேனேஜர் திறந்து "ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்ஸ்" கீழே பாருங்கள். இன்டெல் ஆர்எஸ்டி விஎம்டி கன்ட்ரோலர் என்று ஒரு வரி இருந்தால் உறுதி.

லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் உங்கள் மாடலுக்கான இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி டிரைவரை இறக்குங்கள். வெறும் நிறுவும் கோப்பாக வந்தால் போதாது. உள்ளே ஐஎன்எஃப், சிஸ், கேட் என்ற மூன்று வகைக் கோப்புகளும் தனித்தனியாகத் தெரியும்படி பிரித்தெடுக்க வேண்டும். "எஃப்6" என்று பெயர் போட்ட தொகுப்பு கிடைத்தால் அது ஏற்கெனவே பிரித்ததுதான்.

ரெஸ்க்யூ பென்டிரைவ் உருவாக்கும் திரையில் டிரைவர் சேர்க்கும் பொத்தானைத் தேடி அந்த ஃபோல்டரைக் காட்டி மறுபடி உருவாக்குங்கள். அவசரத்துக்கு அந்த ஃபோல்டரைப் பென்டிரைவிலேயே ஒரு மூலையில் போட்டும் வைக்கலாம்: மீட்புச் சூழலில் கமாண்ட் விண்டோ திறந்து "டிஆர்விலோட்" (drvload) கட்டளையோடு ஐஎன்எஃப் கோப்பின் பாதையைக் கொடுத்தால் அந்த நேரத்துக்கு ஏறிவிடும்.

மறுபடி பூட் செய்து பாருங்கள். பட்டியலில் வட்டு வர வேண்டும். அதன் கீழே நான்கு பகுதிகள் தெரிய வேண்டும்: 100 எம்பி அல்லது 260 எம்பி இஎஃப்ஐ (பூட் பகுதி), 16 எம்பி எம்எஸ்ஆர் (விண்டோஸ் தனக்கு ஒதுக்கியது), பெரிய சி, கடைசியில் ரெக்கவரி. எம்எஸ்ஆரைச் சில மென்பொருள் காட்டாது, அது பரவாயில்லை.

இன்னொன்று. இந்த மென்பொருள்களில் சில, உங்கள் கணினியின் ரெக்கவரி பகுதியில் இருக்கும் மீட்புச் சூழலையே எடுத்துப் பென்டிரைவ் செய்யும். வீமும் அப்படித்தான். அது அணைந்து கிடந்தால் பென்டிரைவ் உருவாக்கும்போதே விண்டோஸ் நிறுவல் டிஸ்க் கேட்டு நிற்கும். அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் "ரீஏஜென்ட்சி" (reagentc) கட்டளையை இன்ஃபோ (/info) தேர்வோடு கொடுத்தால் இயங்குகிறதா இல்லையா என்று சொல்லும். எனேபிள் தேர்வு அதை இயக்கும்.

#8 · மல்லிப்பந்தல்

தெரிகிறது! நன்றி கீதா மேடம். ஆனால் சி பகுதி மேல் பூட்டுப் படம், அளவு எதுவும் காட்டவில்லை. நான் பிட்லாக்கர் போடவே இல்லையே, ஹோம் பதிப்பில் அது கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன்.

#9 · பூட்டுச்சாவி

ஹோம் பதிப்பிலும் "டிவைஸ் என்கிரிப்ஷன்" என்ற பெயரில் அதே தொழில்நுட்பம்தான். வன்பொருள் தகுதி இருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து முதல் அமைப்பை முடித்தால் தானே இயங்கும். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் தகுதி விதிகளைத் தளர்த்தியதால் இன்னும் நிறையக் கணினிகளில் பூட்டு விழுந்திருக்கிறது, உரிமையாளருக்கே தெரியாமல்.

முதலில், எல்லாவற்றுக்கும் முதலில், 48 இலக்க மீட்புச் சாவியை எடுத்துத் தாளில் எழுதுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கின் டிவைஸ் பக்கத்தில் இருக்கும். சாவியோடு ஒரு அடையாள எண்ணும் இருக்கும். பூட்டுத் திரை கேட்கும் அடையாள எண்ணின் முதல் எட்டு எழுத்துகளும் அதுவும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். ஒரே கணக்கில் பழைய கணினிகளின் சாவிகளும் கிடக்கும்.

இனி இமேஜ் விஷயம். விண்டோஸ் ஓடும்போது எடுத்த இமேஜில் பூட்டு இருக்காது. சி பகுதி அப்போது திறந்திருக்கிறது, விஎஸ்எஸ் திறந்த நிலையையே கொடுக்கும். அளவும் சிறியது. ஆனால் அந்த இமேஜ் கோப்பு யார் கையில் போனாலும் படிக்கலாம் என்பதால் மென்பொருளில் ஏஇஎஸ் 256 குறியாக்கத்தோடு கடவுச்சொல் வையுங்கள். திருப்பிப் போட்ட பின் வட்டு பூட்டில்லாமல் இருக்கும், மறுபடி இயக்க வேண்டும்.

குளோன்சில்லா மாதிரி வெளியே பூட் செய்து எடுத்தால் அது பூட்டிய பகுதியைத்தான் பார்க்கும். உள்ளே எது காலி, எது டேட்டா என்று தெரியாது. செக்டார் செக்டாராக முழுவதும் எடுக்கும். 120 ஜிபிக்குப் பதில் வட்டின் முழு அளவுக்கே தயாராக இருங்கள். அமுக்கமும் சரியாகப் பிடிக்காது. உங்கள் நிலைமைக்கு விண்டோஸுக்குள்ளிருந்து எடுப்பதே நல்லது.

பூட்டுப் படம் தெரிவது திருப்பிப் போட இடைஞ்சல் இல்லை. முழுப் பகுதியையும் மேலெழுதப் போகிறீர்கள். அந்தச் சூழலிலிருந்து பழைய கோப்பு ஏதாவது எடுக்க வேண்டுமென்றால்தான் சாவி போட்டுத் திறக்க வேண்டும்.

#10 · யாழ்_பெங்குயின்

பூட்டுச்சாவி சொன்னது சரி, பூட்டிய வன்தட்டுக்கு குளோன்சில்லா தோதில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்டிரைவ் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. விண்டோஸ் 11இல் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் ஒன்டிரைவ் எடுத்துக்கொண்டிருந்தால், நீல மேகக்குறி போட்ட கோப்புகள் உங்கள் வட்டில் இல்லை, பெயர்ப்பலகை மட்டும்தான் இருக்கிறது. இமேஜில் போவதும் அந்தப் பெயர்ப்பலகைதான். 40 ஜிபி படங்கள் இமேஜில் இருக்கிறதென்று நம்பிக்கொண்டு இருப்பீர்கள். ஃபோல்டர் மேல் வலது சொடுக்கு, "ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்". பச்சை வட்டம் முழுதாக வந்த பிறகு பேக்கப் எடுங்கள்.

அதோடு "விண்டோஸ் பேக்கப்" என்று ஸ்டார்ட் மெனுவில் இருக்கும் செயலி இமேஜ் எடுப்பதில்லை. அமைப்புகளையும் சில ஃபோல்டர்களையும் ஒன்டிரைவுக்கு அனுப்புவது மட்டும்தான் அதன் வேலை.

#11 · மல்லிப்பந்தல்

1 டிபி டிஸ்க்கில் எப்படிப் பங்கு போடுவது? எத்தனை நாளுக்கு ஒரு தடவை? வாரா வாரம் முழு இமேஜா?

#12 · திருச்சி_சர்வீஸ்டெஸ்க்

கணக்கு போட்டுவிடலாம். 120 ஜிபி நிரம்பிய சி, நடுத்தர அமுக்கத்தில் 75 முதல் 90 ஜிபிக்குள் வரும். படங்களும் வீடியோவும் அதிகமென்றால் அமுக்கம் குறையும், அவை ஏற்கெனவே அமுக்கியவை. பேஜ்ஃபைல், ஹைபர்ஃபைல் (விண்டோஸ் நினைவகத்துக்காக வட்டில் வைக்கும் கோப்புகள்) இரண்டையும் நல்ல மென்பொருள் தானே விட்டுவிடும்.

நேரம்: நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டில் 2.5 அங்குல ஹார்டு டிஸ்க் வினாடிக்கு 100 எம்பி சுமார் எழுதும். 90 ஜிபிக்குக் கால் மணி. அதே டிஸ்கைக் கறுப்பு யூஎஸ்பி 2 போர்ட்டில் செருகினால் வினாடிக்கு 35 எம்பி, முக்கால் மணி. சரிபார்ப்புக்கு ஏறக்குறைய அதே நேரம் மறுபடி.

உங்களுக்கு என் பரிந்துரை: மாதம் ஒரு முழு இமேஜ், நடுவில் வாரம் ஒரு டிஃபரென்ஷியல். மூன்று மாதச் செட் வைத்திருந்து நான்காவது வரும்போது முதலாவது கழியட்டும். 90 ஜிபி முழுமை, மாதக் கடைசியில் 25 ஜிபி வரை வளரும் டிஃபரென்ஷியல்கள். ஒரு மாதச் செட் 150 ஜிபிக்குள் நிற்கும். நான்கு செட் என்றாலும் 600, மீதி கோப்பு நகலுக்கு. "பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுது" என்ற தேர்வை மட்டும் வைக்காதீர்கள். அழித்து முடிந்து, எழுதி முடியாமல் கரண்ட் போனால் கையில் ஒன்றுமே இருக்காது. லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, சரி. டெஸ்க்டாப்காரர்கள் யூபிஎஸ் இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

இன்கிரிமென்டல் ஏன் சொல்லவில்லை என்றால்: ஒவ்வொன்றும் அதற்கு முந்தையதன்மேல் சாய்ந்து நிற்கும். பத்தில் நான்காவது கெட்டால் ஐந்து முதல் பத்து வரை பயனில்லை. டிஃபரென்ஷியலுக்கு முழுமையும் அதுவும் இரண்டே கோப்புதான் வேண்டும். கையால் டிஸ்க் செருகி வாரம் ஒருமுறை எடுப்பவருக்கு இதுதான் ஏற்றது. வீம் எடுத்தால் அது தன் வழியில் இன்கிரிமென்டலாகவே போகும். அங்கே சங்கிலியை அது தானே பராமரிக்கும், நீங்கள் கை வைத்து .விஐபி கோப்புகளை அழிக்காமல் இருந்தால் போதும்.

டேலியை மூடிவிட்டுப் பேக்கப் ஓட்டுங்கள். திறந்திருந்தால் எழுதிக்கொண்டிருக்கும் பாதி நிலைமையில் உறையும். அதுபோக டேலிக்குள்ளேயே ஆல்ட்+ஒய் அழுத்தி பேக்கப் எடுக்கும் வசதி இருக்கிறது. தினமும் அது. சில எம்பிதான், பென்டிரைவிலும் வைக்கலாம், மெயிலிலும் அனுப்பிக்கொள்ளலாம். கணக்கு விஷயத்தில் வாராந்திர இமேஜை நம்பி ஆறு நாள் வவுச்சரை இழக்க யாருக்கும் பிடிக்காது.

#13 · நூறுஜிபி

முடிந்ததும் டிஸ்கைக் கழற்றிவிட வேண்டும் என்பதை யாராவது தடித்த எழுத்தில் சொல்லுங்களேன். ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) முதலில் செய்வது விஎஸ்எஸ் நிழல் பிரதிகளை அழிப்பது. அடுத்து, செருகியிருக்கும் எல்லா டிரைவ் எழுத்துகளையும் பூட்டுவது. 24 மணி நேரமும் செருகியே கிடக்கும் பேக்கப் டிஸ்க் அதற்கு இன்னொரு ஃபோல்டர், அவ்வளவுதான்.

3-2-1 என்று புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பிரபலமாக்கிய விதி உண்டே: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வீட்டுக்கு வெளியே. வெளியே வைப்பதுதான் நம் ஊரில் யாரும் செய்வதில்லை. குழந்தைகளின் படங்களை இன்னொரு 1 டிபி டிஸ்கில் போட்டு அக்கா வீட்டு பீரோவில் வைத்துவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பீரோவில் வைப்பதற்கு எஸ்எஸ்டி வேண்டாம், மின்சாரம் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் ஃபிளாஷ் செல்களில் மின்னேற்றம் கசியும். அதற்குப் பழைய சுழலும் டிஸ்கே மேல்.

#14 · மல்லிப்பந்தல்

முதல் முழு இமேஜ் எடுத்தாயிற்று, 84 ஜிபி. வெரிஃபை கொடுத்தால் 61 சதவீதத்தில் தோற்றது. மறுபடி கொடுத்தால் 23 சதவீதத்தில். யூஎஸ்பி டிஸ்க் போச்சா?

#15 · கீதா_ஃபர்ம்வேர்

ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் தோற்றால் டிஸ்க். இடம் மாறிக்கொண்டே இருந்தால் டிஸ்க்கைச் சந்தேகிப்பது கடைசியில். கேபிள், ஹப், ராம் இந்த மூன்றில் ஒன்று. வரிசையாகப் பாருங்கள்:

ஹப் வழியாகச் செருகியிருந்தால் எடுத்துவிட்டு நேரே லேப்டாப் போர்ட்டில். டிஸ்கோடு வந்த குட்டைக் கேபிளையே போடுங்கள். கடையில் வாங்கிய ஒன்றரை மீட்டர் கேபிளில் மின்னழுத்தம் இறங்கும். டிஸ்க் சுழற்சி தடுமாறி டிக் டிக் என்று சத்தம் வந்தால் அதுதான்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ (வட்டின் உடல்நிலையைக் காட்டும் மென்பொருள்) திறந்து யூஎஸ்பி டிஸ்க்கில் சி7 என்ற வரி பாருங்கள். அது டிஸ்குக்கும் பெட்டிக்குள் இருக்கும் யூஎஸ்பி பலகைக்கும் நடுவில் வந்த பிழைகளின் எண்ணிக்கை, வெளியே இருக்கும் யூஎஸ்பி கேபிளின் பிழை இதில் ஏறாது. வெரிஃபை ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் குறித்துக்கொள்ளுங்கள், ஏறினால் பெட்டிக்குள் இருக்கும் இணைப்பு. 05, சி5, சி6 (கெட்டுப்போன, படிக்கத் தடுமாறும் செக்டார்களின் எண்ணிக்கைகள்) மூன்றின் ரா மதிப்பும் பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5 ஏறியிருந்தால் அந்த டிஸ்கை பேக்கப்புக்கு வைக்காதீர்கள்.

கேபிள் மாற்றியும் இடம் மாறி மாறித் தோற்றால் மெம்டெஸ்ட்86 (ராமைச் சோதிக்கும் மென்பொருள்) பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க நான்கு சுற்று. ராமில் ஒரே ஒரு பிட் கெட்டிருந்தால் தினசரி வேலையில் தெரியவே தெரியாது. 84 ஜிபியை அதன் வழியாக ஓட்டும்போது செக்சம் பிடித்துக் கொடுத்துவிடும். அப்படியென்றால் அந்த ராமோடு எடுத்த இமேஜ் எல்லாமே சந்தேகத்துக்குரியது, ராம் மாற்றிவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும்.

#16 · மல்லிப்பந்தல்

ஹப்தான். நேரே செருகியதும் இரண்டு தடவை முழுதாகத் தேறியது, சி7 ஏறவில்லை.

#17 · வேலூர்_எஸ்எஸ்டி

இழையில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கு இமேஜ் வேண்டாம், 512இலிருந்து 1 டிபி எஸ்எஸ்டிக்கு மாறப் போகிறேன். குளோன் போதும்தானே?

#18 · திருச்சி_சர்வீஸ்டெஸ்க்

போதும், ஆனால் குளோனுக்கு முன் ஒரு இமேஜ் எடுத்து ஓரமாக வையுங்கள். குளோன் திரையில் இடது வலது மாற்றிச் சொடுக்கினால் காலி எஸ்எஸ்டி உங்கள் விண்டோஸ் மேல் குளோன் ஆகும். அதற்கு அன்டூ கிடையாது.

சி பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்தால் பூட் ஆகாது. நான்கு பகுதிகளும் போக வேண்டும்.

கடைசியில் இருக்கும் ரெக்கவரி பகுதி அப்படியே ஒட்டிக்கொண்டு போனால், புதிய வட்டின் காலி இடம் அதற்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொள்ளும், சி விரிவாகாது. குளோன் திரையிலேயே ரெக்கவரியைக் கடைசிக்கு இழுத்துவிட்டு சியை விரியுங்கள். பிறகு ரீஏஜென்ட்சி போட்டு மீட்புச் சூழல் இயங்குகிறதா என்று பாருங்கள்.

குளோன் முடிந்ததும் விண்டோஸுக்குத் திரும்பாமல் நேரே அணைத்து, பழைய எஸ்எஸ்டியைக் கழற்றி, புதியதை மட்டும் மாட்டி முதல் பூட் செய்யுங்கள். இரண்டுக்கும் ஒரே அடையாளம் இருக்க வாய்ப்புண்டு. இரண்டும் சேர்ந்து இருந்தால் எதிலிருந்து பூட் ஆனது என்று தெரியாமல் பழையதிலேயே ஒரு மாதம் ஓட்டுபவர்கள் உண்டு.

யூஎஸ்பி பெட்டி வழியாகக் குளோன் செய்தால் ஒரு எச்சரிக்கை. சில பெட்டிகள் 512 பைட் செக்டாரை 4096 என்று வேஷம் போட்டுக் காட்டும். அதில் எழுதிய பகுதி அட்டவணை, வட்டை வெளியே எடுத்து உள்ளே மாட்டியதும் படிக்க முடியாமல் போகும், "அலகேட் ஆகவில்லை" என்று நிற்கும். சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் டிஸ்க்ஸ் பகுதியில் "பைட்ஸ் பர் செக்டார்" என்ன என்று இரண்டுக்கும் பாருங்கள். எண் வேறென்றால் வேறு பெட்டி வாங்குங்கள். அல்லது இமேஜ் எடுத்து, புதிய எஸ்எஸ்டியை உள்ளே மாட்டி, ரெஸ்க்யூ பென்டிரைவிலிருந்து இறக்குங்கள்.

#19 · வேலூர்_எஸ்எஸ்டி

பழையது ஹார்டு டிஸ்காக இருந்து, சி5 ஏற்கெனவே ஏறியிருந்தால்? என்னுடையது இல்லை, பக்கத்து வீட்டுக்காரருடையது.

#20 · யாழ்_பெங்குயின்

அதற்கு இமேஜ் மென்பொருளே பிழையான கருவி. படிக்க முடியாத செக்டாரில் அது மறுபடி மறுபடி முட்டும், சாகிற வன்தட்டை இன்னும் சீக்கிரம் சாகடிக்கும். விண்டோஸின் வட்டுத் திருத்தக் கட்டளையான செக்டிஸ்க்கும் ஓட்டவேண்டாம். லினக்ஸ் பென்டிரைவில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ. முதல் சுற்றில் படிக்க முடிந்ததை எல்லாம் வேகமாக அள்ளிவிட்டு, மோசமான இடங்களைத் தாண்டிப் போகும். பிறகு திரும்பி வந்து அவற்றைச் சுரண்டும். மேப் கோப்பு (எது படித்தாயிற்று, எது பாக்கி என்ற குறிப்பு) ஒன்று கட்டாயம் கொடுக்கவேணும், அதை வேறு வட்டில் வையுங்கள். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். படங்கள்தான் முக்கியமென்றும் பணம் செலவழிக்கத் தயாரென்றும் சொன்னால், அதையும் செய்யாமல் டேட்டா மீட்பு ஆய்வகத்துக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

#21 · மல்லிப்பந்தல்

என் மூன்றாவது கேள்வி இன்னும் பாக்கி. முழுதாகத் திருப்பிப் போட்டுப் பார்க்கத் துணிவில்லை.

#22 · பூட்டுச்சாவி

வேண்டாம், படிப்படியாகச் செய்யலாம்.

இமேஜை டிரைவாகத் திறந்து மூன்று கோப்பு எடுங்கள்: ஒரு படம், ஒரு பாமினி வேர்டு கோப்பு, டேலி டேட்டா ஃபோல்டர். படத்தைத் திறந்து முழுதாகத் தெரிகிறதா என்று பாருங்கள், சிறுபடத்தை நம்பாதீர்கள். டேலி டேட்டாவை வேறு பாதையில் வைத்து டேலியில் திறந்து பாருங்கள்.

பென்டிரைவில் பூட் செய்து, ரீஸ்டோர் திரையில் இமேஜைத் தேர்ந்து, இலக்கு வட்டையும் தேர்ந்து, கடைசி உறுதிப்படுத்தும் பொத்தான் வரை போய் ரத்து செய்யுங்கள். அது வரை எதுவும் எழுதப்படாது. இமேஜ் கடவுச்சொல் கேட்கும்போது அந்தச் சூழலின் கீபோர்டு அமெரிக்க அமைப்பில் இருக்கும். கடவுச்சொல்லில் தமிழ் எழுத்தோ விசித்திரக் குறியோ இருந்தால் இங்கேதான் மாட்டுவீர்கள். வெறும் ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும், நீளமாக வையுங்கள்.

உண்மையான சோதனை என்றால் ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி தனியே வாங்கி, உள் எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துவிட்டு, அதில் இறக்கிப் பூட் செய்வது. உங்கள் டேட்டா 120 ஜிபி என்பதால் பகுதியைச் சுருக்கி இறக்கும் மென்பொருளென்றால் பிடிக்கும். பிறகு அதே எஸ்எஸ்டி பெட்டிக்குள் போய் இரண்டாவது பேக்கப் டிஸ்க் ஆகிவிடும், காசு வீண் இல்லை.

#23 · கீதா_ஃபர்ம்வேர்

ஒன்று சேர்க்க வேண்டும். ரெஸ்க்யூ பென்டிரைவ் ஒருமுறை செய்து பூஜை அறையில் வைக்கும் பொருள் இல்லை. செக்யூர் பூட்டுக்கான (நம்பகமான பூட் நிரலை மட்டும் ஓடவிடும் பாதுகாப்பு) மைக்ரோசாஃப்டின் 2011 சான்றிதழ்கள் 2026 ஜூனிலிருந்து ஒவ்வொன்றாகக் காலாவதியாகின்றன. 2023 சான்றிதழ்கள் அந்த இடத்துக்கு வருகின்றன. பழைய பூட் மேலாளரைத் தடைப்பட்டியலில் சேர்க்கும் நடவடிக்கை உங்கள் கணினியில் செயல்பட்டுவிட்டால், அதற்கு முன் செய்த பென்டிரைவ் "செக்யூரிட்டி வயலேஷன்" என்று நின்றுவிடும்.

விண்டோஸ் பெரிய அப்டேட், பயாஸ் அப்டேட், பேக்கப் மென்பொருளின் புதிய பதிப்பு, இந்த மூன்றில் எது வந்தாலும் பென்டிரைவை மறுபடி உருவாக்கி, விஎம்டி டிரைவர் ஃபோல்டரை மறக்காமல் சேர்த்து, ஒருமுறை பூட் செய்து வட்டு தெரிகிறதா என்று பாருங்கள். 8 ஜிபி பென்டிரைவ், ஃபேட்32 போதும். இமேஜை மட்டும் அதில் போட முயலாதீர்கள். ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. இமேஜ் இருக்கும் டிஸ்க் என்டிஎஃப்எஸ்.

#24 · மல்லிப்பந்தல்

பென்டிரைவ் மேல் தேதி எழுதி ஒட்டியாயிற்று. 48 இலக்கச் சாவி தாளில், ரேஷன் கார்டு உறைக்குள். ஹாஸ்லியோவில் மாத முழுமை, வார டிஃபரென்ஷியல். படங்களுக்கு ஃப்ரீஃபைல்சிங்க், வெர்ஷனிங்கோடு. 256 எஸ்எஸ்டி வந்ததும் இறக்கிப் பார்த்து, பகுதி சுருங்கியதா இல்லையா என்பதை இங்கேயே எழுதுகிறேன்.